கழுநீர்ப் பானை - அரிசி களைந்த தண்ணீரின் கதை

2019-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களுடன் கிளம்பிய ரயில் ஒன்று சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்தது நிலக்கரியோ நெல்லோ இல்லை, தண்ணீர்! மொத்தம் 25 லட்சம் லிட்டர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டு போயிருந்த கோடைக்காலம் அது.

இந்த ரயிலை மனதில் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு கிலோ அரிசி சமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை களைகிறார்கள். ஒரு முறைக்கு இரண்டு லிட்டர் என்றால் ஆறு லிட்டர். வெறும் ஆறு லிட்டர்தானே என்று தோன்றும். ஆனால் இப்படி ஒரு லட்சம் வீடுகள் இருந்தால் ஒரு நாளைக்கு ஆறு லட்சம் லிட்டர். நாலு நாளில் அந்த ரயில் முழுவதும் கொண்டுவந்த தண்ணீர் ஏறக்குறைய காலி! ஒரே வீட்டுக்குக் கணக்கிட்டாலும் வருஷத்துக்கு 2190 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் அளந்தால் 146 குடம்.

இந்த 146 குடமும் இப்போது சிங்க் வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் இது எங்கே போனது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் மாட்டுத்தொழுவம், மருந்துக்கடை, குன்னூர் ஆராய்ச்சிக்கூடம், ஜப்பான் கடல் என்று எங்கெங்கோ போக வேண்டியிருக்கிறது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரிசியை ஏன் களைய வேண்டும்?

இன்றைக்குக் கடையில் வாங்கும் அரிசி பளிச்சென்று இருக்கிறது. கல் இல்லை, உமி இல்லை. மில்லில் கல் நீக்கும் இயந்திரமும், கறுத்த அரிசியைத் தனியே பிரிக்கும் இயந்திரமும் இருக்கின்றன. உரலும் உலக்கையும் இருந்த காலத்தில் அப்படி இல்லை. நெல்லைக் குத்தி, முறத்தில் புடைத்து, உமியையும் தவிட்டையும் தள்ளிய பிறகும் அரிசியில் தவிட்டுத் தூள், குருணை, களத்து மண், பொடிக்கல் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதற்காகவே அரிக்கஞ்சட்டி என்று ஒரு சட்டி இருந்தது. உள்பக்கம் வரிவரியாகக் கோடு போட்டிருக்கும். அரிசியைத் தண்ணீரோடு அதில் போட்டு லாகவமாக ஆட்டினால் அரிசி தண்ணீரோடு மேலே வந்து அடுத்த பாத்திரத்தில் விழும், கல் வரிகளில் தங்கிவிடும். 'கல் அரித்தல்' என்று இதற்குப் பெயர். 'களைதல்' என்பது தூசி தவிட்டை நீக்குவது. இரண்டும் வெவ்வேறு வேலைகள், இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும்.

ஆக, மூன்று நான்கு தண்ணீர் விட்டுக் களைகிற பழக்கம் காரணத்தோடுதான் வந்தது. காரணம் பெரும்பாலும் போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

ஒரு தண்ணீர், பல வேலை

அரிசி களைந்த நீருக்குக் 'கழுநீர்' என்று பெயர். பேச்சில் 'கழனித் தண்ணி' என்பார்கள். இந்தத் தண்ணீருக்கு என்று வீட்டின் பின்கட்டில் ஒரு பானை இருக்கும், அதுதான் கழுநீர்ப் பானை. முதல் தண்ணீரில் தவிடும் தூசியும் அதிகம், அது நேராக இந்தப் பானைக்குப் போகும். காய்கறித் தோல், மீந்த சோறு, வடித்த கஞ்சியில் மிச்சம் எல்லாம் அதிலேயே சேரும். சாயங்காலம் கொஞ்சம் தவிடோ புண்ணாக்கோ கலந்து மாட்டுக்கு வைப்பார்கள். மாடு இல்லாத வீட்டிலும் பானை உண்டு. பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவர் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

இரண்டாவது தண்ணீர் சமையலுக்கு. புளி கரைக்க, கீரை வேகவைக்க, குழம்பு கூட்ட என்று பயன்பட்டது. அதில் கலந்திருக்கும் மாவு குழம்பைக் கொஞ்சம் கெட்டியாக்கும். செட்டிநாட்டில் 'மண்டி' என்று ஒரு பதார்த்தமே இருக்கிறது. வெண்டைக்காய் மண்டி, பலகாய் மண்டி என்று பல வகை. அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்துச் செய்வதுதான் அதன் விசேஷமே. சாக்கடைக்குப் போக வேண்டிய தண்ணீர் கல்யாணப் பந்தியில் இலை ஏறிவிட்டது!

இதோடு முடியவில்லை. மீன் கழுவினால் கவுச்சி போகும் என்று கழுநீரில் அலசுவார்கள். புது மண்சட்டியைப் பழக்குவதற்குச் சில நாள் கழுநீரோ கஞ்சியோ ஊற்றி வைப்பார்கள். வாழைக்கும் முருங்கைக்கும் ஊற்றுவார்கள். ஆயுர்வேதத்தில் இதற்குத் 'தண்டுலோதகம்' என்று பெயரே உண்டு. தண்டுலம் என்றால் அரிசி, உதகம் என்றால் நீர். சில மருந்துகளை இந்த நீரில் கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று வைத்திய நூல்கள் சொல்கின்றன.

அரிசி ஊறிய தண்ணீருக்கும் இதே கதைதான். இட்லிக்கோ மாக்கோலத்துக்கோ அரிசி ஊறப்போட்டால், முதலிலேயே நன்றாகக் களைந்துவிட்டு ஊறப்போடுவது வழக்கம். பிறகு ஊறிய தண்ணீரைத் தெளித்தே ஆட்டலாம். களையாமல் ஊறப்போட்டால் அந்தத் தண்ணீரையும் கொட்ட வேண்டும், புதுத் தண்ணீரும் எடுக்க வேண்டும். வரிசையை மாற்றுவதிலேயே ஒரு சொம்பு மிச்சம்.

வணிகவியல் பாடத்தில் 'துணைப்பொருள்' என்று ஒன்று வரும். ஒரு பொருளைத் தயாரிக்கும்போது கூடவே கிடைக்கிற, விலைபோகக்கூடிய இன்னொரு பொருள். விலைபோகாவிட்டால் அதன் பெயர் கழிவு. பொருள் ஒன்றுதான். வாங்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது. கழுநீர் சரியான உதாரணம். மாடு இருந்தவரை அது துணைப்பொருள்.

முன்னோர்கள் எல்லோரும் சிக்கனமா?

'நம் முன்னோர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வீணாக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது முழு உண்மை இல்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தை வர்ணிக்கும்போது, சோறு வடித்த கஞ்சி ஆறு மாதிரித் தெருவில் ஓடியதாகவும், அங்கே எருதுகள் சண்டையிட்டுச் சேறாக்கியதாகவும் சொல்கிறது. புலவருக்கு அது வளத்தின் அடையாளம், பெருமை. தண்ணீரும் அரிசியும் கொட்டிக்கிடந்த இடத்தில் கஞ்சி தெருவில்தான் ஓடியிருக்கிறது.

கழுநீர்ப் பானைக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, குடிக்க ஆள் இருந்தது, அதாவது மாடு. இரண்டாவது, கிணற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ ஒவ்வொரு குடத்தையும் இடுப்பில் சுமந்து வந்தது ஒரு பெண். சுமந்தவர்களுக்குத்தான் அதன் விலை தெரியும். 2003, 2004-இல் சென்னை வறட்சியில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று, குடத்தை மாடிப்படி ஏற்றிய வீடுகளில் அரிசி களைந்த தண்ணீரை யாரும் சொல்லித்தராமலே பக்கெட்டில் பிடித்து வைத்தார்கள்.

தண்ணீரோடு போன உயிர்ச்சத்து

இப்போது கதையில் ஒரு திருப்பம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியா முழுவதும் நீராவி மில்கள் வந்தன. வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசி மலிவாகக் கிடைத்தது. கூடவே பெரிபெரி நோயும் பெருகியது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் செயலிழக்கும். முதலில் ஏதோ கிருமி என்றுதான் நினைத்தார்கள்.

ஜாவாவில் பத்தாவியா நகரில் (இன்றைய ஜகார்த்தா) வேலை பார்த்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு இதே மாதிரி நோய் வருவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தால் சரியாகிவிடுவதையும் 1890-களில் கண்டுபிடித்தார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தப் பொருள்தான் தயாமின் என்கிற வைட்டமின் பி1. அதை 1936-இல் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்கிற அமெரிக்கர். சுவாரசியமான விஷயம், அவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில்!

இதற்கும் அரிசி களைவதற்கும் என்ன சம்பந்தம்? தயாமின் தண்ணீரில் கரையும். தீட்டிய பிறகு அரிசியின் மேல்பரப்பில் மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்ச சத்தும் களையும்போது தண்ணீரோடு போய்விடும். தீட்டிய பச்சரிசியைக் களைவதில் தயாமினில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரை போய்விடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எத்தனை முறை களைகிறோம், எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும்.

இந்த விஷயத்தை இந்தியாவில் ஆழமாக ஆராய்ந்த இடம் நீலகிரியில் இருந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம்தான் அது. அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பு பற்றி மெக்காரிசனும் நாரிஸும் 1924-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடுத்து இயக்குநராக வந்த ஆய்க்ராய்டு 1940-இல் தன் குழுவினரோடு 'இந்தியாவின் அரிசிப் பிரச்சினை' பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். சென்னை மாகாணத்தின் வடபகுதியில், அதாவது ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில், பெரிபெரி இருந்தது. அங்கே தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்ப் பகுதிகளில் அந்த நோய் அரிது.

காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் களைந்தாலும் முழுவதும் போவதில்லை. பச்சரிசியில் பாதி வரை போகும் தயாமின், புழுங்கலில் அதைவிட மிகக் குறைவாகவே போகிறது.

ஆனால் இங்கேயும் தண்ணீர்க் கணக்கு இருக்கிறது. புழுங்கல் செய்ய நெல்லை ஊறவைக்க வேண்டுமே! பழைய முறையில் சிமெண்ட் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறும். தண்ணீர் புளித்து நாறும், அரிசியிலும் அந்த வாடை ஏறும். மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் வெந்நீரில் ஊறவைக்கும் முறையை உருவாக்கியது. சுமார் 70 டிகிரி சூட்டில் மூன்று நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்தது. நாற்றமும் குறைந்தது.

ஆக, களைந்த தண்ணீரைக் கொட்டுகிறவர் தண்ணீரோடு சத்தையும் கொட்டுகிறார். கழுநீர் குடித்த மாட்டுக்கும், இரண்டாம் தண்ணீரில் வைத்த குழம்பைச் சாப்பிட்டவருக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. அந்தக் காலத்தில் வைட்டமின் என்ற பெயர்கூடக் கிடையாது.

குழாயும் சிங்க்கும்

1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து கால்வாய் வழியாக மெட்ராஸுக்குத் தண்ணீர் வர ஆரம்பித்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் வந்தது. குழாய்த் தண்ணீரால் நன்மை மிக அதிகம், காலரா போன்ற நோய்களிலிருந்து பாதுகாப்பு, சுமக்கும் வேலை மிச்சம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழாய் வந்தபோது கூடவே ஒரு ஓட்டையும் வந்தது, குழாய்க்கு நேர் கீழே இருக்கிற சிங்க் ஓட்டை. திறந்த குழாய்க்கு அடியில் அரிசிப் பாத்திரத்தை வைத்துக் கையால் அலசினால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கண்ணுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு மற்றவை வேகமாக நடந்தன. 1950-களின் இறுதியிலிருந்து பிரஷர் குக்கர் வந்தது, கஞ்சி வடிப்பது குறைந்தது. பின்கட்டு இல்லாத அடுக்குமாடி வீடுகள் வந்தன. மாடு ஊருக்கு வெளியே போனது. பானையை வைக்க இடமும் இல்லை, எடுக்க ஆளும் இல்லை. யாரும் திட்டமிட்டு ஒழிக்காமலே கழுநீர்ப் பானை ஒழிந்தது. துணைப்பொருள் கழிவாகிவிட்டது.

ஜப்பான் கண்ட வழி

ஜப்பானிலும் இதே பிரச்சினை வேறு வடிவில் வந்தது. அங்கேயும் அரிசியைத் தேய்த்துத் தேய்த்துக் களைவது வழக்கம். அந்த வெள்ளைத் தண்ணீரில் பாஸ்பரஸ், நைட்ரஜன், மாவுச்சத்து எல்லாம் இருக்கிறது. கோடிக்கணக்கான வீடுகளிலிருந்து அது ஆற்றுக்கும் கடலுக்கும் போனால் பாசி மண்டும், மீன்களுக்குப் பிராணவாயு குறையும். மாட்டுக்கு உணவான அதே சத்து கடலுக்கு விஷமாகிவிடுகிறது!

வகயாமா நகரில் அரிசி மில் இயந்திரங்கள் தயாரித்த சைகா கெய்ஜி என்பவர் வேறு மாதிரி யோசித்தார். களைந்த தண்ணீரைச் சுத்தம் செய்வதைவிட, களையவே தேவையில்லாத அரிசியைச் செய்தால் என்ன? தீட்டிய அரிசியின் மேல் ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய தவிட்டுப் படலம் ஒன்று மிஞ்சுகிறது. இயந்திரத்தின் உலோகச் சுவரில் அரிசி வேகமாக மோதும்போது இந்தத் தவிடு சுவரில் ஒட்டிக்கொள்கிறது, அப்படி ஒட்டிய தவிடே அடுத்து வரும் தவிட்டையும் இழுத்துக்கொள்கிறது. சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. 1991-இல் இந்த அரிசி விற்பனைக்கு வந்தது. 'முசென்மாய்' என்று பெயர், களையத் தேவையில்லாத அரிசி என்று பொருள். பிரிந்த தவிட்டை உரமாகவும் தீவனமாகவும் பயன்படுத்துகிறார்கள்.

கவனித்துப் பார்த்தால் இது கழுநீர்ப் பானையின் அதே தத்துவம்தான். தவிடு மறுபடியும் நிலத்துக்கும் மாட்டுக்கும் போய்விட்டது. வீட்டுப் பின்கட்டில் நடந்தது மில்லுக்குள் நடக்கிறது.

இன்று என்ன செய்யலாம்?

மாட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் வரலாற்றிலிருந்து சில வழிகளை எடுத்துக்கொள்ளலாம்.

1. குழாய்க்கு அடியில் களையாமல், பாத்திரத்தில் அரிசி மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டுக் களையலாம். கல் இல்லாத மில் அரிசிக்கு இரண்டு முறை தாராளம். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிய வேண்டும் என்று அவசியமே இல்லை, கலங்கல் பெரும்பாலும் மாவுதான்.

2. முதல் தண்ணீர் செடிக்கு. அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும், வைத்திருந்தால் புளித்துவிடும். இரண்டாம் தண்ணீர் புளி கரைக்கவோ கீரைக்கோ.

3. ஊறவைப்பதாக இருந்தால் களைந்த பிறகு, சமைக்கத் தேவையான அளவுத் தண்ணீரை அளந்து ஊற்றி ஊறவைக்கலாம். அதே தண்ணீரில் அடுப்பில் ஏற்றிவிடலாம். தண்ணீரும் சத்தும் மிச்சம், சீக்கிரம் வெந்துவிடுவதால் கேஸும் மிச்சம்.

4. செடியும் இல்லாத வீட்டில் ஒட்டும் பாத்திரங்களை இந்தத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுப் பிறகு தேய்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே விதி எல்லா ஊருக்கும் பொருந்தாது. வங்காளத்தில் சில பகுதிகளில் நிலத்தடி நீரிலும் அரிசியிலும் ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்திருக்கிறது. அங்கே ஆர்சனிக் இல்லாத தண்ணீரில் நன்றாகக் களைந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துவிடுவதுதான் பாதுகாப்பு. அங்கே அந்தத் தண்ணீர் வீண் செலவு இல்லை.

முடிவாக, கழுநீரின் வரலாறு சொல்வது ஒன்றுதான். தண்ணீரைச் சேமியுங்கள் என்று சுவரில் எழுதி வைத்ததால் அந்தக் காலத்து வீடுகளில் தண்ணீர் சேமிக்கப்படவில்லை. ஒவ்வொரு தண்ணீருக்கும் போய்ச்சேர ஓர் இடம் இருந்தது, அதனால் வீணாகவில்லை. இன்றைய சமையலறையில் சிங்க் பக்கத்தில் ஒரு சின்ன வாளி, அதிலிருந்து எடுத்துக்கொள்ள மாடியில் நாலு தொட்டிச் செடி. இவ்வளவு இருந்தாலே வருஷத்தில் அந்த 146 குடத்தில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகாது. வாளிக்கு ஆகும் செலவு ஐம்பதோ நூறோ. ஒரு லாரித் தண்ணீர் என்ன விலை என்று கோடையில் வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.